தோல் ஏடு பிழைத்தது, வட்டு தவித்தது

அரசாங்க அலுவலகம் ஒன்றில் இன்று எழுதப்படும் கடிதத்தை நூறு ஆண்டுகள் கழித்து யாராவது படிக்க முடியுமா? தாளில் எழுதிய காலத்தில் இது பெரிய கேள்வியாக இருந்ததில்லை. கறையானும் மழையும் தீயும் அண்டாமல் இருந்தால் போதும், தாள் தானாகவே காத்திருக்கும். கணினியில் பிறந்த கடிதத்தின் கதை வேறு. அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் மீண்டும் திறக்கும் நாளில் உள்ளே இருப்பது எழுத்தா, யாருக்கும் புரியாத குறியீட்டுக் குவியலா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய நூலையோ புகைப்படத்தையோ வருடி எடுத்துக் கணினியில் ஏற்றுவது ஒரு வகை. அதில் பிழை நேர்ந்தால் மூலத்திடமே திரும்பிப் போகலாம். மின்னஞ்சல், விரிதாள், தரவுத்தளம், இணையப் பக்கம் போன்றவை பிறக்கும்போதே கணினியில் பிறந்தவை. அவற்றுக்குத் தாள் மூலம் என்று ஒன்று கிடையாது. கோப்பு போனால் எல்லாம் போயிற்று. இந்த இரண்டாம் வகைப் பதிவுகளைக் காப்பது எப்படி என்பதை உலகின் ஆவணக் காப்பாளர்கள் கடந்த அரை நூற்றாண்டாகக் கற்று வருகிறார்கள். சில பாடங்களைப் பட்டுத்தான் கற்றார்கள்.

900 ஆண்டும் 16 ஆண்டும்

1085ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் காலத்தில், இங்கிலாந்தை வென்று ஆண்ட மன்னர் வில்லியம் ஓர் ஆணையிட்டார். நாட்டில் எந்த நிலம் யாரிடம் இருக்கிறது, எத்தனை ஏர், எத்தனை ஆலை, என்ன மதிப்பு என்று கணக்கெடுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு அந்தக் கணக்கெடுப்பு நடந்தது. 13,000க்கும் மேற்பட்ட ஊர்களின் விவரங்கள் ஆட்டுத் தோலில் லத்தீன் மொழியில் எழுதப்பட்டன. தீர்ப்பு நாளின் பெயரால் மக்கள் அதை ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்று அழைத்தார்கள். இன்று அது லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லத்தீன் தெரிந்தவர் எவரும் அதை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி பிபிசி நிறுவனம் புதிய டூம்ஸ்டே திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டன் முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளும் ஊர்மக்களும் தங்கள் வட்டாரத்தின் அன்றாட வாழ்க்கையை எழுதினார்கள், படமெடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு மில்லியன் பேர் இதில் பங்கெடுத்தார்கள். 147,000 பக்கங்களுக்கு மேல் எழுத்தும், 23,000க்கும் மேற்பட்ட படங்களும் சேர்ந்தன. 2.5 மில்லியன் பவுண்டு செலவில் உருவான அந்தக் களஞ்சியம், 1986ல் இரண்டு பெரிய லேசர் வட்டுகளில் வெளிவந்தது. அதைப் பார்க்க ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மாஸ்டர் கணினியும், பிலிப்ஸ் நிறுவனம் தனியே தயாரித்த வட்டு இயக்கியும் தேவைப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 5,000 பவுண்டு. பல பள்ளிகளால் அதை வாங்க முடியவில்லை.

சில ஆண்டுகளிலேயே கணினி உலகம் வேறு பக்கம் போய்விட்டது. அந்தக் கணினியையும் யாரும் தயாரிக்கவில்லை, அந்த இயக்கியையும் யாரும் தயாரிக்கவில்லை. 2002ஆம் ஆண்டு வாக்கில், வேலை செய்யும் இயந்திரங்களை விரல்விட்டு எண்ணும் நிலை. 900 ஆண்டு பழைய தோல் ஏட்டைப் படிக்க முடிகிறது, 16 ஆண்டு பழைய வட்டைப் படிக்க முடியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வட்டுகள் கெட்டுப்போகவில்லை. அவற்றில் இருந்த தகவலும் அழியவில்லை. தகவலுக்கும் கண்ணுக்கும் நடுவே நின்ற இயந்திரம்தான் மறைந்துபோனது. மின்னிலக்கப் பதிவுக்கு இயந்திரமே கண்ணாடி. கண்ணாடி உடைந்தால் எழுத்து இருந்தும் பயனில்லை.

கடைசியில் டூம்ஸ்டே வட்டு காப்பாற்றப்பட்டது. லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய கேமிலியன் ஆய்வுத் திட்டம், பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதி 2002ல் அந்த வட்டின் உள்ளடக்கத்தை நவீன கணினியில் ஓடவிட்டுக் காட்டியது. பிறகு மூல ஒளிநாடாக்களிலிருந்து படங்களும் மீட்கப்பட்டன. 2011ல் பிபிசி அந்தப் பக்கங்களில் பெரும்பகுதியை இணையத்தில் வெளியிட்டது. ஒரு மில்லியன் மக்களின் உழைப்பு பிழைத்ததற்குக் காரணம், அதை உருவாக்கிய பொறியாளர்கள் அப்போதும் உயிரோடு இருந்ததும், மூல நாடாக்களை யாரோ தூக்கியெறியாமல் வைத்திருந்ததும்தான். இன்னொரு 30 ஆண்டு கழித்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு கட்டுக்கதையும் அதன் பின்னணியும்

அமெரிக்காவில் பல ஆண்டுகள் உலவிய கதை ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கணினி நாடாக்களைப் படிக்கக்கூடிய இயந்திரங்கள் உலகிலேயே இரண்டுதான் மிஞ்சின, ஒன்று ஜப்பானில், மற்றொன்று அருங்காட்சியகத்தில், அதனால் கணக்கெடுப்பே தொலைந்துபோனது என்பது அந்தக் கதை. கேட்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுவல்ல.

நடந்தது இதுதான். 1970களின் நடுப்பகுதியில், கணக்கெடுப்பின் விரிவான தரவுகளில் ஒரு பகுதி, வழக்கொழிந்து வந்த யூனிவாக் வகை நாடாக்கள் 642ல் இருப்பது தெரியவந்தது. காப்பாளர்கள் எச்சரித்தார்கள். கணக்கெடுப்புத் துறை பழைய இயந்திரங்களைச் சீர்செய்து, 1979க்குள் இரண்டு நாடாக்களைத் தவிர மற்ற அனைத்தையும் புதிய நாடாக்களுக்கு மாற்றிவிட்டது. பேரிழப்பு நேராததற்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லை. இயந்திரம் முற்றிலும் மறைவதற்கு முன்பே யாரோ பட்டியலைப் பார்த்து, கேள்வி கேட்டு, நகலெடுக்கச் செய்தார்கள். ஆவணக் காப்பாளரின் வேலையில் பெரும்பகுதி இந்தச் சத்தமில்லாத முன்னெச்சரிக்கைதான்.

அழித்த மின்னஞ்சல் பேசியது

இயந்திரம் மறைவது ஒரு சிக்கல். மனிதர் மறைப்பது இன்னொரு சிக்கல்.

1986 நவம்பரில், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் அமெரிக்காவில் வெடித்தது. அந்தப் பணம் நிகராகுவா கிளர்ச்சியாளர்களுக்குப் போனது தெரியவந்தது. வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்பு மன்றத்தில் பணியாற்றிய ஜான் பாயிண்டெக்ஸ்டரும் ஆலிவர் நார்த்தும் தங்கள் கணினியில் இருந்த மின்னஞ்சல்களை அவசரம் அவசரமாக அழித்தார்கள். பாயிண்டெக்ஸ்டர் அழித்தவை மட்டும் 5,000க்கு மேல். திரையில் மறைந்துவிட்டதால் உலகிலிருந்தே மறைந்துவிட்டது என்று எண்ணினார்கள். ஆனால் அந்தக் கணினி அமைப்பு பாதுகாப்புக்காகத் தானாகவே நாடாவில் நகலெடுத்து வந்தது. விசாரணைக் குழு அந்த நாடாக்களிலிருந்து மின்னஞ்சல்களை மீட்டது. 1987ல் வெளிவந்த அறிக்கைக்கு அவை வலுவான சான்றுகளாயின.

சில ஆண்டுகளில் அடுத்த சோதனை வந்தது. 1989 ஜனவரியில் அதிபர் ரேகனின் பதவிக்காலம் முடியும் தறுவாயில், வெள்ளை மாளிகையின் மின்னஞ்சல் நாடாக்கள் அழிக்கப்படவிருந்தன. ஸ்காட் ஆம்ஸ்ட்ராங் என்ற பத்திரிகையாளரும், அவர் சார்ந்த தேசியப் பாதுகாப்பு ஆவணக் கழகம் என்ற அரசு சாரா அமைப்பும் நீதிமன்றம் சென்றனர். பதவிக்காலத்தின் கடைசி நாளுக்கு முந்திய நாள், ஜனவரி 19ஆம் தேதி, அழிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது.

அரசாங்கத் தரப்பு ஒரு வாதத்தை முன்வைத்தது. முக்கியமான மின்னஞ்சல்களைத் தாளில் அச்சிட்டுக் கோப்பில் வைத்தால் போதாதா, கணினியில் இருப்பதை ஏன் வைத்திருக்க வேண்டும்? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதம். 1993 ஜனவரியில் நீதிபதி சார்ல்ஸ் ரிச்சி அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. அச்சிட்ட தாளில் செய்தி இருக்கும், ஆனால் அது யார் யாருக்குப் போனது, எப்போது பெறப்பட்டது என்ற விவரங்கள் விடுபடக்கூடும். அந்த விவரங்கள் இல்லாவிட்டால் பதிவு முழுமையாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

‘யாருக்கு எது தெரியும், எப்போது தெரியும்’ என்பதுதானே எந்த விசாரணையிலும் முதல் கேள்வி? அந்தக் கேள்விக்கு விடை, கடிதத்தின் உடலில் இல்லை, அதைச் சுற்றியுள்ள விவரங்களில் இருக்கிறது. தரவு பற்றிய தரவு என்று கணினித் துறையினர் சொல்லும் இந்த விவரங்களை ஆவணக் காப்பாளர்கள் உயிரினும் மேலாகப் போற்றுவதற்கு இதுவே காரணம்.

விண்வெளித் துறை தந்த வரைபடம்

மின்னிலக்கக் காப்பகம் எப்படி இயங்க வேண்டும் என்று உலகம் ஏற்றுக்கொண்ட ஒரு பொது வரைபடம் இருக்கிறது. அதை வரைந்தவர்கள் நூலகத்தாரோ வரலாற்றாசிரியர்களோ அல்லர். உலக விண்வெளி அமைப்புகள் சேர்ந்து அமைத்த ஆலோசனைக் குழு அது. விண்கலங்கள் அனுப்பும் தரவுகள் மலைபோல் குவிந்தன. ஒரு கலம் கோளைக் கடந்து சென்றபின், அதே அளவீட்டை மீண்டும் எடுக்க முடியாது. ஆகவே அதை இழக்க அவர்களால் இயலாது. அவர்கள் வகுத்த ‘திறந்த ஆவணக் காப்பகத் தகவல் அமைப்பு’ என்ற மாதிரி, 2003ல் அனைத்துலகத் தரநிலையானது. அதே 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பு மின்னிலக்க மரபுடைமைப் பாதுகாப்புக்கான சாசனத்தையும் ஏற்றது.

அந்த மாதிரியின் அடிப்படை எளிது. பதிவைக் காப்பகத்திடம் ஒப்படைக்கும்போது ஒரு பொதி. காப்பகம் உள்ளே வைத்துக் காப்பது இன்னொரு பொதி. பொதுமக்கள் கேட்கும்போது கொடுப்பது மூன்றாவது பொதி. நடுவில் உள்ள பொதியை யாரும் தொட்டு மாற்ற முடியாது. அதற்குள் கோப்பு மட்டும் இருந்தால் போதாது. அதைப் படிக்கத் தேவையான விளக்கம், அது எங்கிருந்து வந்தது, யார் கைமாறியது, இதுவரை என்னென்ன செய்யப்பட்டது என்ற வரலாறு எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும்.

காப்பகத்துக்குள் என்ன நடக்கிறது

முதல் வேலை தேர்ந்தெடுப்பது. எல்லாவற்றையும் எந்தக் காப்பகமும் வைத்திருப்பதில்லை. அமெரிக்க மத்திய அரசாங்கம் உருவாக்கும் ஆவணங்களில் 1 முதல் 3 விழுக்காடு மட்டுமே நிரந்தரமாகக் காக்கப்படும் என்று அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகமே சொல்கிறது. மதிய உணவுக்கு எங்கே போகலாம் என்று கேட்கும் மின்னஞ்சலும், ஓர் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் மின்னஞ்சலும் ஒரே பெட்டியில்தான் கிடக்கும். எது எது என்று பிரிப்பதற்கு அலுவலகத்தின் வேலை முறை தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது கிருமிச் சோதனை. வந்த கோப்புகள் தனிக் கணினியில் ஒதுக்கி வைக்கப்பட்டு, நச்சுநிரல் இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே அனுமதிக்கப்படும்.

மூன்றாவது, கைரேகை எடுப்பது. ஒவ்வொரு கோப்பையும் ஒரு கணக்கு முறைக்குள் செலுத்தினால் நீண்ட எண் ஒன்று கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். காப்பகம் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடும். எண் மாறியிருந்தால் கோப்பு கெட்டுவிட்டது, அல்லது யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று பொருள். உடனே வேறிடத்தில் உள்ள நல்ல நகலைக் கொண்டு சரிசெய்வார்கள். ஒரே கட்டடத்தில் எல்லா நகல்களையும் வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, இது எந்த வகைக் கோப்பு என்று கண்டுபிடிப்பது. பெயரின் கடைசியில் உள்ள மூன்றெழுத்தை நம்ப முடியாது. அதை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். கோப்பின் உள்ளே தொடக்கத்தில் இருக்கும் அடையாளக் குறியைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் ‘ப்ரோனம்’ என்ற பெயரில் கோப்பு வகைகளின் பதிவேட்டை நடத்துகிறது. அதன் துணையோடு இயங்கும் ‘டிராய்ட்’ என்ற இலவச மென்பொருள், ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சோதித்து, எது எந்தக் கோப்பு வகையின் எந்தப் பதிப்பு என்று பட்டியலிட்டுவிடும்.

மாற்றுவதா, பாவனை செய்வதா?

பழைய மென்பொருள் வழக்கொழியும்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவது. நீண்டகாலக் காப்புக்கென்றே 2005ல் தரநிலையான பிடிஎஃப்-ஏ என்ற வடிவம் இதற்குப் பெரிதும் உதவுகிறது. எழுத்துருவும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது சிந்தக்கூடும். விரிதாளைப் பக்கப் படமாக மாற்றினால் எண்கள் தெரியும், அவற்றைக் கூட்டிக் கழித்த சூத்திரம் போய்விடும். அந்தக் கணக்கில் தவறு இருந்ததா என்று பிற்காலத்தில் ஒருவர் ஆராய நினைத்தால் வழியிருக்காது.

மற்றொன்று, டூம்ஸ்டே வட்டுக்குச் செய்ததுபோல், பழைய கணினியைப் பாவனை செய்யும் மென்பொருளை எழுதுவது. இதில் மூலம் அப்படியே இருக்கும். ஆனால் செலவு அதிகம், பழைய மென்பொருளுக்கு உரிமம் பெறுவதும் சிக்கல். அனுபவமுள்ள காப்பகங்கள் இரண்டையும் கலந்தே செய்கின்றன. மாற்றிய கோப்பை வாசகருக்குக் கொடுக்கின்றன. வந்த வடிவத்திலுள்ள மூலக் கோப்பை ஒருபோதும் எறிவதில்லை.

தமிழுக்கு வந்த சோதனை

இந்தச் சிக்கலைத் தமிழர்களுக்கு யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1990களில் கணினியில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஒவ்வோர் எழுத்துரு தயாரிப்பாளரும் தமிழ் எழுத்துகளுக்குத் தம் விருப்பப்படி எண் கொடுத்த காலம் அது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால், கணினி உள்ளே சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளைத்தான். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல். ‘டிஸ்கி’, ‘டாப்’, ‘டாம்’ என்று தரப்படுத்தும் முயற்சிகள் வந்தன. 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு இதைப் பற்றியே விவாதித்தது. யூனிகோட் முறையில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்திருந்தாலும், அது மக்கள் கையில் புழங்கப் பல ஆண்டுகள் ஆயின.

இந்தப் பயணத்தில் நம் வட்டாரத்துக்குப் பெருமையான பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995ல் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் தமிழிலேயே ஏற்றினார். உலகில் முதன்முதலாக இணையத்தில் தோன்றிய தமிழ்ப் பக்கங்களில் அவையும் சேரும். உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000ல் சிங்கப்பூரில்தான் பிறந்தது.

ஆனால் அந்த முன்னோடிக் காலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட மலர்கள், சிறுகதைகள், கூட்டக் குறிப்புகள் எத்தனை இன்று திறக்கும் நிலையில் இருக்கின்றன? பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் கோப்பு கண்ணுக்கு அழகாகத் தெரியும். அதில் ஒரு பெயரைத் தேடினால் எதுவும் கிடைக்காது, ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். பார்க்கலாம், தேட முடியாது. எந்த எழுத்துருவில் செய்யப்பட்டது என்ற ஒரே ஒரு குறிப்பு இருந்தால், மாற்றி மென்பொருள் கொண்டு அதைச் சில நொடிகளில் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். அந்தக் குறிப்பு இல்லையென்றால் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015ல், அந்த 50 ஆண்டுகளில் வெளிவந்த சுமார் 350 தமிழ் இலக்கிய நூல்கள் தொண்டூழியர்களின் உழைப்பால் மின்னிலக்கமாயின. 1960களின் நூலையும் அதில் சேர்க்க முடிந்தது. காரணம், அது தாளில் அச்சாகி ஏதோ ஓர் அலமாரியில் காத்துக் கிடந்தது. 1996ல் நெகிழ்வட்டில் மட்டும் இருந்த ஒரு கையெழுத்துப் பிரதிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சட்டம் எங்கே வருகிறது?

மலேசியாவின் 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம், மின்னியல் முறையில் உருவான பதிவுகளையும் ஆவணம் என்றே வகைப்படுத்துகிறது. அதாவது, அரசாங்க அலுவலகத்தின் மின்னஞ்சலும் தாள் கோப்பைப் போன்றதே. அதை ஓர் அதிகாரி தம் விருப்பப்படி அழித்துவிட முடியாது.

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் முன்பு இணையத்தளங்களைச் சேமிக்க ஒவ்வோர் உரிமையாளரிடமும் எழுதி அனுமதி பெற வேண்டியிருந்தது. பலர் பதிலே போடவில்லை. பதில் வருவதற்குள் சில தளங்கள் மறைந்தும் போயின. 2018ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 ஜனவரி இறுதியிலிருந்து, சிங்கப்பூர் முகவரியில் முடியும் இணையத்தளங்களை வாரியம் தானாகவே திரட்டிச் சேமிக்கலாம். ஒரு நூலை அச்சிட்டால் தேசிய நூலகத்துக்குப் பிரதி தர வேண்டும் என்ற பழைய நெறியே, புதிய வடிவில் இணையத்துக்கும் வந்தது.

சங்கத்திலும் வீட்டிலும்

அரசாங்கம் தன் பதிவுகளைக் காக்கும். ஆனால் கோயில் நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பையும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்கையும், மூடப்பட்ட தோட்டத்தின் கடைசித் திருவிழாப் படங்களையும் யார் காப்பார்கள்? அவை எந்தத் தேசியக் காப்பகத்தின் பட்டியலிலும் இல்லாமல் போகலாம். பழைய தோட்டப்பள்ளி வருகைப் பதிவேட்டில் உள்ள ஒரு பெயர், பிறப்புப் பத்திரம் இல்லாத ஒருவருக்குத் துணைச் சான்றாக நிற்கக்கூடும். அந்தப் பதிவேடு தாளில் இருந்ததால் மிஞ்சியது. இன்றைய பதிவேடு செயலாளரின் மடிக்கணினியில் இருக்கிறது. செயலாளர் மாறும்போது அதுவும் மாறிப் போகிறது.

காப்பகங்கள் செய்வதைச் சிறிய அளவில் எந்தச் சங்கமும் செய்யலாம். கோப்புக்குத் தேதியும் பொருளும் விளங்கும்படி பெயர் வைக்கலாம். முக்கியமானவற்றை யூனிகோடு எழுத்திலும் பிடிஎஃப்-ஏ வடிவத்திலும் சேமித்து, மூலக் கோப்பையும் கூடவே வைக்கலாம். மூன்று நகல்கள், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்பது எளிய விதி. படங்களில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன், எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். திறக்காதது எது என்று அப்போதே தெரிந்துவிட்டால், சரிசெய்ய ஆள் இருப்பார். நிர்வாகம் கைமாறும் நாளில் வங்கிப் புத்தகத்தையும் சாவியையும் ஒப்படைப்பதுபோல், இந்தக் கோப்புகளையும் கையெழுத்திட்டு ஒப்படைக்கும் வழக்கத்தை இந்த ஆண்டுக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றலாம்.